டக்கரும் டாட்ஜர்ஸுக்கே போயாச்சு. சரி, இதுல யாரைத் திட்டணும்?

அனஹைம்_அப்பாவி (17 ஜனவரி 2026)

வியாழக்கிழமை சாயங்காலம் பொங்கல் பானையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். பால் அடிப்பிடிச்சு கன்னங்கரேல்னு ஒட்டிக்கிடந்துச்சு. மேடை மேல போன் துடிச்சுது. சோப்புக் கையோட எட்டிப் பார்த்தா: கைல் டக்கர், டாட்ஜர்ஸ், 4 வருஷம், 240 மில்லியன் டாலர். பேஸ்பால்ல பெரிய ஆட்டக்காரர், போறது ஏற்கெனவே ரெண்டு வருஷமாக் கோப்பை வாங்கற லாஸ் ஏஞ்சலஸ் டீமுக்கு. பானையை அப்படியே தண்ணியில ஊறப் போட்டுட்டு உக்காந்துட்டேன்.

ரெண்டு நாளா எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே பாட்டு. "பேஸ்பால் செத்துப்போச்சு." "கூடைப்பந்து மாதிரி சம்பள வரம்பு கொண்டு வந்தாத்தான் உருப்படும்." வரம்புன்னா, ஒரு டீம் மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் குடுக்கலாம்னு ஒரு கோடு. இந்தப் புலம்பலுக்குத்தான் இந்த இழை.

முதல்ல என் ஜாதகத்தைச் சொல்லிடறேன். நான் எங்க அனஹைம் பேஸ்பால் டீம் ஏஞ்சல்ஸோட ரசிகன். 2018லேர்ந்து 2023 வரைக்கும் ஆறு சீசன் ஓட்டானி, மைக் டிரௌட்னு ரெண்டு பெரிய நட்சத்திரங்க எங்க டீம்ல ஒரே பெஞ்ச்ல உக்காந்திருந்தாங்க. அந்த ஆறுல ஒரு சீசன்கூட நாங்க தோத்ததைவிட ஜெயிச்சது அதிகம்னு முடிக்கல. அப்புறம் ஓட்டானி அதே ஐந்தாம் நம்பர் ஃப்ரீவேல ஐம்பது கிலோமீட்டர் வடக்கே போனார். 2024லயும் கோப்பை, 2025லயும் கோப்பை. டாட்ஜர்ஸைத் திட்ட இந்த உலகத்துல யாருக்காவது முதல் உரிமை இருக்குன்னா அது எனக்குத்தான். ஆனா எனக்குத் திட்டத் தோணல.

ஏன்னு சொல்றேன். டாட்ஜர்ஸ் முதலாளி மார்க் வால்டர் போன வருஷம் அதே ஊர் கூடைப்பந்து டீம் லேக்கர்ஸையும் வாங்கிட்டார். 1979லேர்ந்து பஸ் குடும்பத்துக்கிட்ட இருந்த டீம், 10 பில்லியன் டாலர் மதிப்புல கை மாறிச்சு. இப்ப ஒரே ஆளோட ஒரே பர்ஸ் ஒரே ஊர்ல ரெண்டு ஆட்டத்துல இறங்கியிருக்கு. பேஸ்பால்ல அவர் எவ்வளவு வேணா செலவழிக்கலாம், சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினா லீக்குக்கு வரி மட்டும் கட்டணும். 2025க்கு டாட்ஜர்ஸ் கட்டற ஆடம்பர வரியே சுமார் 169 மில்லியன். சில டீம்களோட மொத்தச் சம்பளமே அவ்வளவு வராது. கூடைப்பந்துல அதே மனுஷன் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்.

ஓட்டானி கணக்கு பழைய கதைதான், ஆனாலும் பாதிப் பேர் தப்பாச் சொல்றாங்க. 10 வருஷத்துக்கு 700 மில்லியன். வருஷா வருஷம் கையில வாங்கறது 2 மில்லியன். மீதி 680ஐ 2034லேர்ந்து 2043 வரைக்கும் வட்டியில்லாம வாங்கிப்பார். தள்ளிப் போட்ட காசுக்கு இன்னிக்கு மதிப்பு கம்மி, அதனால வரிக் கணக்குல அவர் வருஷத்துக்கு 70 இல்ல, சுமார் 46 மில்லியன். இதுல கள்ளத்தனம் ஒண்ணும் இல்ல, ரூல் புக்குல இருக்கறதுதான். இதே ஏற்பாட்டை எங்க ஏஞ்சல்ஸ்கிட்டயும் காட்டினாங்க, எங்க முதலாளி வேணாம்னுட்டார்னு அப்பவே செய்தி வந்துச்சு. அன்னிக்கு எனக்கு வந்த கோபம் டாட்ஜர்ஸ் மேல இல்ல.

சம்பள வரம்பு வந்தா ரசிகனுக்கு விடிஞ்சிடும்னு நினைக்கறவங்க ஒரு தடவை டல்லாஸ் பக்கம் போய்க் கேட்டுட்டு வாங்க. பிளேனோ பங்காளி, எங்கய்யா இருக்கீங்க?

ஸ்காபரோ_சின்னவன்

அண்ணை, நீங்கள் ஆறு வருசக் கதை சொல்லுறியள். நான் ரெண்டு நாள் கதை சொல்லுறன். வியாழன் டக்கர் போனான். எங்கட ரொறன்ரோ புளூ ஜேய்ஸுக்குத்தான் வருவான் எண்டு இருந்தம், பத்து வருசக் கணக்கில பெரிய தொகை வச்சுக் கேட்டவை எண்டு கதை. வெள்ளி விடிய எழும்பினால் போ பிஷெட் நியூயோர்க் மெட்ஸுக்கு, 3 வருசம் 126 மில்லியன். எங்கட பெடியன். போன நவம்பர் டாட்ஜர்ஸோட ஆடின உலகத் தொடர் ஃபைனல் ஏழாவது மேட்ச்சில, ஓட்டானிக்கே மூண்டு ரன் ஹோம் ரன் (சிக்ஸர் மாதிரி) அடிச்சவன்.

ஓட்டானி எண்டால் ஞாபகம் வருது. 2023 டிசம்பரில அவர் ரொறன்ரோவுக்கு ப்ளேனில வாறார் எண்டு செய்தி வந்தது. அனஹைம் பக்கத்தில இருந்து வெளிக்கிட்ட தனியார் விமானம் ஒண்டு. சனம் முழுக்க வேலையை விட்டிட்டு ப்ளேன் ட்ராக்கரைப் பாத்துக்கொண்டு இருந்தது. நானும் வேர்ஹவுஸில ஃபோர்க்லிஃப்டை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தனான். சூப்பர்வைசர் ஏசேல்ல, அவரும் பின்னால நிண்டு எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டவர். கடைசியில அதுக்குள்ள இருந்து இறங்கினது டிவியில வாற பிசினஸ்காரர் ரொபர்ட் ஹெர்ஜவெக்கும் அவற்ற பிள்ளையளும். அடுத்த நாள் ஓட்டானி டாட்ஜர்ஸ். போன வருசம் ஜப்பான் பந்துவீச்சாளர் சசாகி, அதுவும் டாட்ஜர்ஸ். இப்ப டக்கர். நாங்கள் பொம்பிளை பாக்கப் போற வீடெல்லாத்திலயும் அவங்கள் முதலே தட்டு மாத்திப்போட்டாங்கள்.

நீங்கள் திட்டாதேங்கோ. நான் திட்டுவன்.

அஞ்சரைமணி_அலாரம் (சென்னை)

சின்னவன் ப்ரோ, உங்க வலி புரியுது. அந்த ஏழாவது மேட்ச்சுக்கு நவம்பர் 2ஆம் தேதி விடியக்காலை அஞ்சரைக்கு அலாரம் வெச்சு உங்களுக்காகத்தான் எழுந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், இன்னும் ரெண்டே ரெண்டு அவுட், கோப்பை உங்களுது. டாட்ஜர்ஸோட மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடிச்சு சமமாக்கினாரு பாருங்க. ஹோம் ரன்னுக்குப் பேர் போன ஆளே கிடையாது. எங்க வீட்ல இட்லி வெந்து, ஆறி, திரும்பச் சுட வெச்சும் ஆட்டம் முடியல. பதினோராவது இன்னிங்ஸ்ல டாட்ஜர்ஸ் வில் ஸ்மித் ஹோம் ரன், 5-4. சோகத்துல போய்ப் படுத்தேன். சாயங்காலம் நவி மும்பையில பெண்கள் உலகக்கோப்பை ஃபைனல், மழையால லேட்டா ஆரம்பிச்சு நடுராத்திரி நம்ம பொண்ணுங்க கப்பைத் தூக்கினாங்க. ஒரே நாள்ல அழுதும் தீர்த்தாச்சு, சிரிச்சும் தீர்த்தாச்சு.

ஒரு சந்தேகம். கூடைப்பந்துல "ஏப்ரன்" "ஏப்ரன்"ங்கறாங்களே, சமையல்காரர் கட்டிக்கறதா? இப்ப கேக்காம விட்டா எப்பவும் கேக்க மாட்டேன்.

அனஹைம்_அப்பாவி

அதே ஏப்ரன்தான். சட்டையில கறை படாம மேல கட்டிக்கற துணி மாதிரி, வரிக் கோட்டுக்கு மேல இன்னும் ரெண்டு கோடு.

இந்த 2025-26 சீசன் வரம்பு 154.6 மில்லியன். அதைத் தாண்டலாம், சொந்த ஆட்டக்காரனைத் தக்கவெச்சுக்க விதிவிலக்கு உண்டு. சுமார் 188 தாண்டினா வரி. இரண்டாவது ஏப்ரன் 207.8. அதைத் தாண்டினா காசு மட்டும் போகாது, கையும் போகும். டிரேடுல, அதாவது இன்னொரு டீமோட ஆள் மாத்திக்கும்போது, ரெண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. பணம் சேர்த்து அனுப்ப முடியாது. ஏழு வருஷம் கழிச்சு வரப்போற முதல் சுற்றுத் தேர்வு (புதுப் பசங்களை எடுக்கற முறை) உறைஞ்சு போயிடும், டிரேடுல குடுக்க முடியாது. அபராதம்னா பணக்காரன் கட்டிட்டுப் போயிடுவான். இது லைசென்ஸையே பிடுங்கற மாதிரி.

பாஸ்டன் 2024ல கோப்பை வாங்கிச்சு. அடுத்த வருஷமே அவங்க நட்சத்திரம் டேட்டமுக்குக் குதிகால் தசைநார் அறுந்துச்சு, டீமும் இந்தக் கோட்டுக்கு மேல நின்னுச்சு. ஹாலிடேயையும் போர்ஜிங்கிஸையும் தள்ளி விட்டாங்க. சரியா ஆடலன்னு இல்ல, கணக்கு உதைச்சுதுன்னு. அந்த ஊர் ரசிகனுக்கு இதுல என்ன நியாயம் கிடைச்சுது?

பிளேனோ_பங்காளி

வந்துட்டேன் வந்துட்டேன். பழைய புண்ணைக் கிளறத்தானே கூப்பிட்டீங்க.

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை ராத்திரி பதினொண்ணே கால் இருக்கும். கூடைப்பந்துச் செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா பதிவு: எங்க டல்லாஸ் மேவரிக்ஸ் நட்சத்திரம் லூகா லேக்கர்ஸுக்கு, அந்தோனி டேவிஸ் டல்லாஸுக்கு. ஷாம்ஸோட அக்கவுண்ட்டை எவனோ ஹேக் பண்ணிட்டான்னு நினைச்சு நிம்மதியா பல் தேய்க்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தா நிஜம். 25 வயசுப் பையன். எட்டு மாசம் முன்னாடிதான் எங்களை ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போனவன். பதிலுக்கு வந்தது டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029 முதல் சுற்றுத் தேர்வு ஒண்ணு. எங்க வீட்டுப் பழைய சோஃபாவை விக்கும்போதுகூட நான் நாலு பேர்கிட்ட விலை கேட்டேன்.

அரங்கத்துக்கு வெளியில எங்க பழைய ஹீரோ நொவிட்ஸ்கி சிலை இருக்கு. அங்க ஜனங்க சவப்பெட்டியே கொண்டு வந்து வெச்சாங்க. டேவிஸ் முதல் மேட்ச்லயே அடிபட்டு உக்காந்தார். மார்ச்ல எங்க இன்னொரு நட்சத்திரம் கைரிக்கு முழங்கால் போச்சு. ஏப்ரல் 9ஆம் தேதி லூகா திரும்பி வந்தப்ப பழைய வீடியோ போட்டாங்க. பெஞ்ச்ல உக்காந்து துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே இருந்தான். அப்புறம் எழுந்து எங்களுக்கே 45 பாயிண்ட். எங்க ஊர் அரங்கம் முழுக்கக் கைதட்டிச்சு. நானும்தான்.

அப்பாவி சொல்றது எனக்குப் புரியுது. லூகா இங்கயே இருந்திருந்தா 5 வருஷத்துக்கு சுமார் 345 மில்லியன் வாங்கியிருக்கலாம். அந்த ரூலே சொந்த ஊர்ல ஆளைத் தக்கவைக்கத்தான் போட்டாங்க. ஆனா டீம் அதே தொகையைப் பார்த்துப் பயந்துதான் தள்ளி விட்டுச்சுன்னு ஒரு பேச்சு ஓடிச்சு. உடம்பைப் பார்த்துக்கல, டிஃபென்ஸ் ஆடலன்னு இன்னொரு பேச்சு. எது நிஜமோ, அந்த டிரேடைப் பண்ணின மேனேஜர் நிக்கோ ஹாரிசனை நவம்பர்ல வீட்டுக்கு அனுப்பினாங்க. நடுவுல புதுப் பசங்கள்ல யார் முதல்ல எடுக்கறதுங்கற லாட்டரி 1.8 சதவீத வாய்ப்புல எங்களுக்கு அடிச்சு கூப்பர் ஃப்ளாக் வந்தான். பையன் நல்லா ஆடறான். பிடிக்குது. ஆனா ஃப்ளாக் பேர் போட்ட ஜெர்சி வாங்க இன்னும் மனசு வரல, அதான் உண்மை.

ஃப்ளஷிங்_மாமி

அம்பி, நீங்க எல்லாரும் டாட்ஜர்ஸைப் பத்தியே பேசறேளே, எங்க மெட்ஸ் செலவழிக்கலியா? சோட்டோன்னு ஒரு ஆட்டக்காரனுக்கு 15 வருஷம் 765 மில்லியன், ஒத்தி வைக்கற பேச்சே கிடையாது. 2025ல என்ன ஆச்சு? ஜூன்ல உச்சத்துல இருந்தோம். கடைசி நாள் மையாமில தோத்துட்டு பிளேஆஃபுக்கே போகல. பணம் இருந்தா கோப்பைன்னா எங்க முதலாளி ஸ்டீவ் கோஹன் வீட்டு ஷெல்ஃப்ல இடமே இருக்கப்படாது.

அப்புறம் அலோன்சோ பால்டிமோருக்குப் போயிட்டான், எட்வின் டியாஸ் அதே டாட்ஜர்ஸுக்குப் போயிட்டான். அவன் பந்து வீச வரச்சே போடற அந்த டிரம்பெட் பாட்டை இனிமே அங்க வாசிப்பா. எனக்கு அதுதான் ஜாஸ்தி வலிக்கறது.

பிஷெட் வந்ததுல சந்தோஷம்னு சொல்லலாம்னு வந்தேன். சின்னவன் எழுதினதைப் படிச்சுட்டு வாயை மூடிண்டேன்.

மில்வாக்கி_மஃப்ளர்

எல்லாரும் பெரிய ஊர்க்காரங்களா இருக்கீங்க. ஏழை வீட்டுக் கதையும் ஒண்ணு கேளுங்க.

2025ல 97 வெற்றி, லீக்லயே அதிகம், எங்க ப்ரூவர்ஸ்தான். டாட்ஜர்ஸ் 93. அப்புறம் அரையிறுதி மாதிரியான அந்தத் தொடர்ல 4-0னு துடைச்சுட்டாங்க. நாலாவது மேட்ச்ல ஓட்டானி பந்து வீசி 10 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணி, அதே மேட்ச்ல மூணு ஹோம் ரன்னும் அடிச்சார். ஒண்ணு கேலரிக் கூரைக்கு மேல போச்சு. அதைப் பார்த்துக் கோபப்படக்கூட முடியல. இப்படியும் ஒரு மனுஷனான்னு உக்காந்திருந்தேன்.

அப்பாவிக்கு ஒரு கேள்வி. எங்க ஊர்ல ரெண்டு ஆட்டமும் இருக்கு. கூடைப்பந்துல 2013ல யாருக்கும் தெரியாத கிரேக்கப் பையன் ஒருத்தனை எடுத்தோம். யானிஸ். அவனுக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரன் குடுக்கக்கூடிய உச்ச சம்பளத்தை விட நாங்க கூடவே குடுக்க முடியும், ஏன்னா உச்சம்னு ஒண்ணு இருக்கு. 2021ல கோப்பை வந்துச்சு. பேஸ்பால்ல? பந்துவீச்சாளருங்களா வரிசையா விட்டோம். ஹேடரைக் குடுத்தோம். பர்ன்ஸைக் குடுத்தோம். இப்ப பெரால்டாவையும் குடுக்கப் போறாங்கன்னு பேச்சு. ஆளை வளர்க்கறது நாங்க, மாலை போட்டு அழைச்சுக்கிட்டுப் போறது வேற ஊர். உலகத் தொடர்ல ப்ரூவர்ஸ் ஆடினதே ஒரு தடவைதான், 1982ல, அதுலயும் தோத்தாச்சு.

வரம்பு வேணாம்னு சொல்றது அனஹைம்ல உக்காந்து சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கும்.

அனஹைம்_அப்பாவி

மஃப்ளர், இந்த இழையில எனக்கு விழுந்த முதல் சரியான அடி இது. யானிஸ் விஷயத்துல வாதாட மாட்டேன். கடந்த ஏழு சீசன்ல கூடைப்பந்துல ஏழு வெவ்வேறு சாம்பியன்: ரொறன்ரோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா சிட்டி. சின்ன ஊரான ஓக்லஹோமா போன சீசன் 68 மேட்ச் ஜெயிச்சு, ஃபைனல் ஏழாவது மேட்ச் வரைக்கும் போய்க் கோப்பை வாங்கிச்சு. அதுவும் எதிர் டீம் இண்டியானாவோட நட்சத்திரம் ஹாலிபர்ட்டன் முதல் குவார்ட்டர்லயே குதிகால் பிடிச்சுக்கிட்டு விழுந்த மேட்ச். இண்டியானாக்காரனா இருந்திருந்தா நான் அந்த வருஷம் முழுக்கப் பேசியே இருக்க மாட்டேன்.

ஆனா இன்னொரு பக்கத்தையும் பாருங்க. வரம்பே இல்லாத பேஸ்பால்ல 1998-2000 யாங்கீஸுக்கு அப்புறம் அடுத்தடுத்து ரெண்டு வருஷம் ஜெயிச்ச டீம் 2025 டாட்ஜர்ஸ் வரைக்கும் ஒண்ணுகூட இல்ல. நடுவுல கான்சஸ் சிட்டி ஜெயிச்சிருக்கு, ஃப்ளோரிடா ஜெயிச்சிருக்கு, 2002ல எங்க ஏஞ்சல்ஸே ஜெயிச்சிருக்கு. போன நவம்பர்லகூட டாட்ஜர்ஸைக் காப்பாத்தினது பணமா? அவங்க பந்துவீச்சாளர் யமமோட்டோ ஆறாவது மேட்ச்ல 96 பந்து வீசிட்டு, மறுநாளே ஓய்வில்லாம வந்து எட்டு அவுட் எடுத்தார். அதை எந்த கான்ட்ராக்ட்லயும் எழுதி வாங்க முடியாது. சரி, அவருக்கும் 325 மில்லியன் குடுத்திருக்காங்க, ஒத்துக்கறேன், அடிக்க வராதீங்க.

எனக்குக் கோபம் வர்றது வேற இடத்துல. கூடைப்பந்துல வரம்புன்னு மேல ஒரு கூரை இருக்கற மாதிரி, கீழ ஒரு தரையும் இருக்கு. வரம்புல 90 சதவீதமாவது செலவழிச்சே ஆகணும். மொத்த வருமானத்துல கிட்டத்தட்டப் பாதி ஆட்டக்காரங்களுக்குன்னு எழுதியே இருக்கு. பேஸ்பால் முதலாளிங்க கூரையை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. ஒவ்வொரு டீமும் உள்ளூர் வருமானத்துல 48 சதவீதத்தைப் பொதுக் குண்டானில போடணும், அது எல்லாருக்கும் சமமாப் பிரியும். டாட்ஜர்ஸ் போட்ட காசு பிட்ஸ்பர்க்குக்கும் போகுது. அந்த பிட்ஸ்பர்க்ல பால் ஸ்கீன்ஸ்னு ஒரு பையன். போன சீசன் 1.97 ரன் சராசரி (கம்மியா இருந்தாத்தான் நல்லது), சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது, வெற்றி-தோல்விக் கணக்கு 10-10. அப்படி வீசற ஆளுக்கு ரன் எடுத்துக் குடுக்கத் துப்பில்லாத டீமை அமைச்சவரைப் பத்தி வாட்ஸ்அப்ல யாராவது ஒரு வரி எழுதினாங்களா?

எங்க ஏஞ்சல்ஸ் செலவே பண்ணலன்னும் சொல்ல முடியாது. ரெண்டோன்னு ஒருத்தருக்கு 7 வருஷம் 245 மில்லியன். ஒரு சீசன்ல கூட 60 மேட்ச் ஆடல. பணத்தைக் கிணத்துல போட்டாலாவது சத்தம் கேட்கும்.

மில்வாக்கி_மஃப்ளர்

தரை வேணும்னா நானும் கையெழுத்துப் போடறேன். ஆனா கூரை இல்லாம தரை மட்டும் போட்டா மழை பெய்யும்போது எங்க ஊர்தான் நனையும். டக்கர் ஒருத்தனுக்கு வருஷம் 60 மில்லியன். அவங்க நிக்கற உச்சப் படியில வரி 110 சதவீதம், ஆக சம்பளமும் வரியும் சேர்ந்து அவன் ஒருத்தனால வருஷம் 120க்கு மேல. எங்க மொத்த டீமும் ஏறக்குறைய அதுதான்.

யானிஸ் விஷயத்துலயும் எல்லாம் சுகம் இல்ல. அவனோட ஆடின லில்லார்டை விடுவிச்சுட்டு அவருக்குத் தர வேண்டிய 113 மில்லியனை அஞ்சு வருஷத்துக்குப் பரப்பிக் கட்டிக்கிட்டு இருக்கோம். ஆடாத ஆளுக்கு இ.எம்.ஐ.

ஸ்காபரோ_சின்னவன்

கூரை இருந்தால் சனம் ஓட்டை போடும். எங்களுக்கு 2019ல கூடைப்பந்துக் கோப்பை தந்திட்டு லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போன கவாய் லெனர்ட் விசயத்தைப் பாருங்கோ. மரம் நடுற கம்பனி ஒண்டு விளம்பரம் எண்ட பேரில அவருக்கு 28 மில்லியன் ஒப்பந்தம் குடுத்ததாம், அது வரம்பைச் சுத்திப் போற வழியோ எண்டு லீக் விசாரிக்குது. டீம் இல்லை எண்டுது. முடிவு வரட்டும்.

எனக்குப் பயம் வேற. பேஸ்பால் முதலாளியளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இருக்கிற ஒப்பந்தம் இந்த வருசம் டிசம்பர் 1ஆம் திகதி முடியுது. முதலாளியள் வரம்பு கேட்பினம், சங்கம் விடாது. 1994ல இப்பிடித்தான் ஸ்ட்ரைக் வந்து உலகத் தொடரே நடக்கேல்ல. அந்த வருசம் லீக்கில முதலாவதாய் நிண்டது மொன்றியல் எக்ஸ்போஸ், 74 வெற்றி 40 தோல்வி. பத்து வருசத்தில டீமே வாஷிங்டனுக்குப் போயிட்டுது. எங்கட மாமா இன்னும் அந்த நீலத் தொப்பியைக் கண்ணாடி அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறார். சண்டை பிடிக்கிறது பெரிய ஊர்க்காரர், சாகிறது நடுவில நிக்கிற டீம்.

பிளேனோ_பங்காளி

வரம்பு இருக்கற ஆட்டத்துலயும் முதலாளிங்க சீசனை நிறுத்திப் பூட்டுப் போட்டிருக்காங்களே சின்னவன். கூடைப்பந்துல 1999ல 50 மேட்ச்தான், 2011ல பூட்டு போட்டு சீசனே 66 மேட்ச்சா சுருங்கிச்சு. நாங்க கோப்பை வாங்கின கையோட. கொண்டாடக்கூட விடல.

அஞ்சரைமணி_அலாரம்

நடுவுல ஒண்ணு. பேஸ்பால்ல இந்த சீசன்லேர்ந்து பந்து ஸ்ட்ரைக்கா இல்லையான்னு மெஷின்கிட்ட அப்பீல் பண்ணலாமாமே? நம்ம டிஆர்எஸ் மாதிரியே டீமுக்கு ரெண்டு, சரியா இருந்தா திரும்பக் கிடைக்கும். தலையைத் தட்டிக் காட்டணுமாம். கேப்டன்கிட்ட கேட்டு, பவுலர்கிட்ட கேட்டு, பதினஞ்சு செகண்ட் ஓட்டறதெல்லாம் இருக்காது. தோனி இருந்திருந்தா அதுக்கும் அவர் பேரை வெச்சிருப்போம்.

ஃப்ளஷிங்_மாமி

அதெல்லாம் சரி. சின்னவன், உங்காத்துப் பையன் எப்படி இருக்கான்? நவம்பர்ல அவனைப் பத்தி எழுதியிருந்தேளே.

ஸ்காபரோ_சின்னவன்

அதை ஏன் கேக்கிறியள் அக்கா. ஒன்பது வயசு. ஹலோவீன் அண்டு ஸ்பைடர்மான் உடுப்பு வாங்கி வச்சிருந்தம், போடேல்ல. பிஷெட்டின்ர 11ஆம் நம்பர் ஜெர்சியோடதான் வீடு வீடாய்ப் போனவன். அண்டுதான் உலகத் தொடர் ஆறாவது மேட்ச். ஒன்பதாவது இன்னிங்ஸில எங்கட பார்ஜர் அடிச்ச பந்து சுவரின்ர அடிப் பஞ்சுக்குள்ள போய்ச் சிக்கிச்சுது. உருண்டு வந்திருந்தால் ரன். சிக்கினபடியால் ரெண்டு பேஸ்தான். பெடியன் மிட்டாய்ப் பையைக் கவிட்டுப்போட்டு டிவிக்குக் கிட்டப் போய், சுவரைத் தொட்டுக் காட்டி, "அப்பா, கைய விட்டு எடுக்கச் சொல்லுங்கோ" எண்டு கத்தினவன்.

நேற்று பிஷெட் போன விசயத்தைச் சொன்னம். ஒண்டும் பேசேல்ல. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து முதுகில இருக்கிற பேரைப் பிரிச்சுத் தரட்டாம். 11 இருக்கட்டுமாம்.

ஃப்ளஷிங்_மாமி

ஐயோ, பிரிக்க விடாதேங்கோ. எப்பவாவது இந்தப் பக்கம் வந்தா அழைச்சுண்டு வாங்கோ. சிட்டி ஃபீல்டுல மேட்ச் பார்த்துட்டு, கிட்டக்கவே நம்ம பிள்ளையார் கோயில் கேண்டீன்ல தோசை சாப்டலாம். அந்த ஜெர்சியையே போட்டுண்டு வரட்டும். நீல நிறம்தானே, எங்க கூட்டத்துல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா.

ஸ்காபரோ_சின்னவன்

கேட்டுச் சொல்லுறன் அக்கா. இப்ப கத்தரிக்கோலை ஒளிச்சு வச்சிருக்கிறன்.